பக்கத்து வீட்டுக் களையும் தெருவோரக் காரும்: நகராட்சியிடம் புகார் கொடுத்தும் நோட்டீஸ் வாங்கியும் கற்றவை

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிக் குடியேறும் நம்மவர்கள் பள்ளிக்கூடத்தின் தரம், வீட்டுக்கடன் வட்டி, சொத்துவரி என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். ஆனால் நகராட்சியில், நகர விதிகளை மீறும் வீடுகளைக் கவனிக்க, கோட் என்ஃபோர்ஸ்மென்ட் என்ற பெயரில் ஒரு சிறிய பிரிவு இருக்கிறது என்பதே, பக்கத்து வீட்டில் களை மண்டும்போதோ தங்கள் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் தொங்கும்போதோதான் பலருக்குத் தெரியவருகிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் நடுத்தர நகரம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான், அந்தப் பிரிவிடம் புகார் கொடுத்தும் இருக்கிறேன், அதனிடமிருந்து நோட்டீஸ் வாங்கியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் ஒன்று விளங்கியது. நகராட்சியின் மெத்தனம் என்று நாம் அலுத்துக்கொள்வதில் பெரும்பகுதி, வீட்டுக்காரருக்கோ வண்டிக்காரருக்கோ சட்டம் எழுதிக் கொடுத்திருக்கும் அவகாசம்தான். அந்த அவகாசம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதைப் பிடித்துக்கொண்டவரின் புகார்தான் நகர்கிறது.

இந்தப் பிரிவின் அலுவலர்கள் போலீஸ்காரர்கள் அல்லர். துப்பாக்கி கிடையாது, கைது செய்யும் வேலையும் கிடையாது. நகரச் சட்டத்தொகுப்பில் எழுதியிருப்பதை மீறினால் நோட்டீஸ் கொடுக்கலாம், அபராதச் சீட்டு எழுதலாம், கடைசியில் நகர வழக்கறிஞரிடம் கோப்பை அனுப்பலாம். ஒற்றை ஆளாகப் போய் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டும் வேலை என்பதால் இவர்களுக்கு ஆபத்தும் உண்டு. இவர்களுடைய பாதுகாப்புக்கென உள்ளாட்சிகள் நெறிமுறை வகுக்க வேண்டும் என்று 2021இல் மாநிலம் ஒரு சட்டமே இயற்றியது. பெரும்பாலான நகரங்களில் இவர்கள் தாமாகத் தெருத்தெருவாகச் சுற்றிக் குற்றம் தேடுவதில்லை. யாராவது புகார் கொடுத்தால்தான் கோப்பு திறக்கும். அதிலும் உயிருக்கு ஆபத்தானவை முதலில், கண்ணுக்கு உறுத்தலானவை பிறகு என்று வரிசை உண்டு. கழிவுநீர் வழியும் வீடும் காய்ந்த புல்லும் ஒரே நாளில் புகாராக வந்தால், புல் காத்திருக்கத்தான் வேண்டும்.

புதிதாகப் புகார் கொடுப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது, எந்த அலுவலகத்துக்கு எது போகும் என்பதில்தான். வேலிக்கு உள்ளே இருப்பது கோட் என்ஃபோர்ஸ்மென்ட்டின் பொறுப்பு. தெருவில் நிற்கும் வண்டி பெரும்பாலும் போலீஸ் துறையின் பார்க்கிங் பிரிவுக்கோ, போக்குவரத்துத் துறைக்கோ, கைவிடப்பட்ட வாகனங்களுக்கென உள்ள தனிப் பிரிவுக்கோ போகும். பாசி பிடித்த நீச்சல்குளம் மாவட்டக் கொசு ஒழிப்பு அமைப்பின் பாடு. நாய் குரைத்தால் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவு. வீட்டுச் சங்கத்தின் விதி, அதாவது எச்ஓஏ வகுத்த பெயின்ட் நிறமும் திரைச்சீலை நிறமும், நகராட்சிக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஒரே புகாரில் இவை அனைத்தையும் கொட்டினால், ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு உரியதல்ல என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும்.

எங்கள் பின்வேலியை ஒட்டிய வீடு காலியாகக் கிடந்த காலத்தில்தான் இதையெல்லாம் கற்றேன். அங்கே குடியிருந்தவர்கள் கடன் கட்ட முடியாமல் போய், வீடு கடன் கொடுத்த நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. மழைக்காலம் முடிந்ததும் முன்புறப் புல் இடுப்பளவு வளர்ந்து, மே மாதத்தில் வைக்கோலாகக் காய்ந்து நின்றது. தபால்பெட்டி நிரம்பி வழிந்தது. பின்புறம் நீச்சல்குளத்துத் தண்ணீர், காய்ச்சி ஆறிய கீரைச் சாறுபோல் அடர்பச்சையாகி, மாலையானால் எங்கள் சமையலறைச் சன்னலில் கொசு மொய்த்தது. கலிஃபோர்னியாவில் காய்ந்த புல் வெறும் அழகுப் பிரச்சினை அன்று. 1991இல் ஓக்லாண்ட் குன்றுகளில் பற்றிய தீயில் 25 பேர் இறந்தார்கள். அதை நேரில் கண்டவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அதனால் இங்கே களைப் புகாரில் 'அசிங்கமாக இருக்கிறது' என்று எழுதுவதைவிட, 'காய்ந்த புல் வேலியையும் மரத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது' என்று எழுதுவதற்கு எடை அதிகம். ஒரே காட்சிதான் என்றாலும், முதலாவது ரசனை சார்ந்தது, இரண்டாவது தீயணைப்பு விதி சார்ந்தது.

புகார் கொடுத்துச் சில வாரங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். பிறகு கோப்பு எண்ணைச் சொல்லி அலுவலரிடம் பேசியபோதுதான் உள்ளே நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. முதலில் அவர் தெருவில் நின்று புகைப்படம் எடுத்திருக்கிறார். பிறகு மாவட்டப் பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று தேடியிருக்கிறார். பதிவேட்டில் பழைய குடும்பத்தின் பெயரே இருந்ததால் முதல் நோட்டீஸ் அந்தக் காலி வீட்டுக்கே போய், நிரம்பிய தபால்பெட்டியில் இன்னொரு உறையாகச் சேர்ந்து, திரும்பி வந்திருக்கிறது. சொத்து கைமாறிய பத்திரம் பதிவாகிய பின்னர்தான், கடன் நிறுவனத்தின் பெயரில், வேறொரு மாநிலத்து முகவரிக்குப் புதிய நோட்டீஸ் அனுப்ப முடிந்தது. அவகாசத்தின் கணக்கு அந்த இரண்டாவது நோட்டீஸிலிருந்துதான் தொடங்கியது. நான் புகார் கொடுத்த நாளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இங்கே எனக்குக் கைகொடுத்தது 2008இல் வீட்டுக்கடன் நெருக்கடியின் உச்சத்தில் கலிஃபோர்னியா இயற்றிய ஒரு சட்டம். கடன் மீட்பில் வீட்டைக் கைப்பற்றிய நிறுவனம், அந்த வீடு காலியாக இருக்கும்வரை அதைப் பராமரிக்க வேண்டும். களை, கொசு வளரும் தேங்குநீர், அத்துமீறிக் குடியேறுதல் போன்றவற்றைத் தடுக்கத் தவறினால் ஒரு நாளுக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அதற்கு முன் நகராட்சி நோட்டீஸ் கொடுத்து, சீர்செய்யத் தொடங்க 14 நாளும் முடிக்க 30 நாளும் அவகாசம் தர வேண்டும். சாதாரணக் களை அபராதத்துக்கு அசையாத பெரிய நிறுவனம், நாளுக்கு ஆயிரம் என்றதும் அசைகிறது. 'வீடு காலி, கடன் நிறுவனத்தின் வசம் இருக்கிறது' என்ற ஒரு வரியை முதல் புகாரிலேயே எழுதினால் அலுவலர் எந்தச் சட்டப் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும் என்பது முதல் நாளிலேயே தெளிவாகிவிடும். நான் அந்த வரியைப் பின்னர்தான் சேர்த்தேன். கோப்பு அதன்பின்தான் வேகமெடுத்தது.

நீச்சல்குளத்தின் கதை தனி. தெருவிலிருந்து பார்த்தால் குளம் தெரியாது. அலுவலர் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு, அனுமதியோ வாரண்டோ இல்லாமல் காலடி வைக்க முடியாது என்றார். இது அவருடைய தனிப்பட்ட தயக்கம் அன்று. 1967இல் கமாரா வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வாடகைக் குடியிருப்பாளர் ஆய்வாளரை வீட்டுக்குள் விட மறுத்ததைத் தொடர்ந்து, வீட்டு ஆய்வுக்கும் வாரண்ட் தேவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி கலிஃபோர்னியாவில் இதற்கென ஆய்வு வாரண்ட் என்ற தனி ஏற்பாடு உண்டு. பொதுவாக, அதை வாங்கிய பிறகும் 24 மணி நேரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாலை 6 மணிக்கு மேல் காலை 8 மணி வரை நுழையக் கூடாது. ஆனால் பொது இடத்திலிருந்தோ, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதத்தோடு அவர் மனையிலிருந்தோ கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஆகவே அவர் எங்கள் பின்கட்டுக்கு வந்து, எங்கள் ஏணிப்படி நாற்காலியில் ஏறி நின்று, வேலிக்கு மேலே கேமராவை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார். புகார் கொடுப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இதுதான்: உங்கள் மனையிலிருந்து தெரியும் என்றால், வந்து பார்த்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதிவிடுங்கள். நீங்களே வேலி தாண்டிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். அது அத்துமீறல், அந்தப் படத்தால் உங்களுக்குத்தான் தலைவலி.

கொசு ஒழிப்பு அமைப்பு இவர்களைவிட விரைவாக வந்தது. மேற்கு நைல் வைரஸ் பயம் இருப்பதால் அவர்களுக்குக் கோடைக்காலத்தில் பாசிக்குளம் என்றால் அவசரம்; வானிலிருந்து படம் எடுத்தும் இத்தகைய குளங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். வந்தவர் ஒரு வாளியில் கம்பூசியா மீன் கொண்டுவந்து விட்டுப் போனார். நம் ஊரில் கிணற்றில் விடும் அதே மீன்தான், கொசுப்புழுவைத் தின்னும். நீங்களே கேட்டாலும் பல மாவட்டங்களில் உங்கள் வீட்டுக் குளத்துக்கோ தொட்டிக்கோ அதை இலவசமாகத் தருவார்கள்.

உரிமையாளர் கடைசி வரை அசையாவிட்டால் நகராட்சியே ஆள் வைத்துக் களையை வெட்டி, அந்தச் செலவைச் சொத்தின் மேல் ஏற்றி, சொத்துவரிச் சீட்டோடு சேர்த்து வசூலிக்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் பின்வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு நாள் காலையில் மூன்று பேர் இயந்திரத்தோடு வந்து புல்லை வெட்டி, குளத்தை வற்றவைத்து, சன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள்.

புகார் எழுதும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலர் எழுதும் புகார் ஒரு சண்டையின் வரலாறாக இருக்கிறது: எப்போது குடிவந்தார்கள், எப்படி முறைத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பதுவரை. அலுவலருக்கு இவற்றில் எதுவும் பயன்படாது. அவர் தேடுவது முகவரி, என்ன தெரிகிறது, எங்கிருந்து தெரிகிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது ஆகிய நான்குதான். நகரச் சட்டத்தொகுப்பு இணையத்திலேயே கிடைக்கும். அதில் பொருத்தமான பிரிவைத் தேடி, அதன் சொற்களிலேயே எழுதினால் நல்லது. 'இயங்காத வண்டி, முன்புற டிரைவ்வேயில், நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை, தெருவிலிருந்து தெரிகிறது' என்பது ஒரு கோப்பு. 'வீட்டு வாசலை மெக்கானிக் கடையாக்கி வைத்திருக்கிறார்கள்' என்பது வெறும் ஆதங்கம். அந்த வாக்கியத்தை வைத்து யாரும் நோட்டீஸ் அடிக்க முடியாது. புகார் பதிவானதும் வரும் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, அவகாசம் முடியும் நாளுக்கு மறுநாள் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புவது, தினமும் தொலைபேசுவதைவிடப் பலன் தரும்.

சில புகார்கள் மீறலே அல்லாதவை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வறட்சியின்போது பழுப்பேறிய புல்வெளி அதில் ஒன்று. 2015 ஏப்ரலில் ஆளுநர் நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டில் 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்ட அதே ஆண்டில், வறட்சி அவசரநிலை நடப்பில் இருக்கும்போது பழுப்பான புல்லுக்காக நகராட்சிகள் அபராதம் விதிக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றியது. தண்ணீர் ஊற்றினாலும் குற்றம், ஊற்றாவிட்டாலும் குற்றம் என்று வீட்டுக்காரர்கள் தவித்துக்கொண்டிருந்த காலம் அது.

பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கலிஃபோர்னியாவில் பொது ஆவணச் சட்டத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் கோப்பைக் கேட்கலாம். ஆனால் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை நகரங்கள் வழக்கமாக மறைத்தே கொடுக்கின்றன. சான் ஹோசே விமான நிலையத்தின் இரைச்சலைப் பற்றிப் புகார் செய்தவர்களின் பெயர், முகவரிகளைப் பத்திரிகை ஒன்று கேட்டபோது, அவற்றைத் தர வேண்டியதில்லை என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் நீங்களே சாட்சியாக வேண்டிவந்தால் அந்த மறைவு நிலைக்காது. புளோரிடாவில் நிலைமை நேர்மாறானது. அங்கே 2021 ஜூலை முதல், உடனடி ஆபத்து இருந்தாலொழிய, பெயரும் முகவரியும் தராத புகாரை ஆய்வாளர் விசாரிக்கவே கூடாது. இதில் எது சரி என்பதில் எனக்கு முழுத் தெளிவு இல்லைதான்; இருந்தாலும், வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளர்மேல் புகார் கொடுக்கும் சூழலை நினைத்தால் கலிஃபோர்னியாவின் வழியே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. வாடகைக்காரருக்கு இங்கே இன்னொரு பிடிமானமும் உண்டு. குடியிருப்பு தரமற்றிருக்கிறது என்று அவர் புகார் கொடுத்தால் நகராட்சி வந்து ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்று 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் சொல்கிறது.

இனி பார்க்கிங். எங்கள் தெருவில் நடக்கும் மனத்தாங்கல்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான். முதலில் ஒரு கசப்பான உண்மை: உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெருவோரம் உங்களுடையது அன்று. அங்கே யார் வேண்டுமானாலும் சட்டப்படி நிறுத்தலாம். அதைத் தடுக்க ஆரஞ்சுக் கூம்போ குப்பைத்தொட்டியோ வைத்தால் மீறுபவர் நீங்கள்தான். 'எங்கள் வீட்டு முன்னால் அடுத்த வீட்டுக்காரர் நிறுத்துகிறார்' என்ற புகாருக்கு எந்த நகரத்திலும் கோப்பு திறக்க மாட்டார்கள்.

நிஜமான மீறல்கள் வேறு. தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் தெருவில் நிற்கும் வண்டியை, அந்த ஊரில் அதற்கான உள்ளூர் விதி இருந்தால், இழுத்துப்போகலாம் என்று மாநில வாகனச் சட்டம் சொல்கிறது. எங்கள் வீட்டெதிரே போர்வை போர்த்திய ஒரு செடான் மாதக்கணக்கில் நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு பருவத்து இலைச் சருகு முழுவதும் குவிந்து கிடந்தது. யாருடையது என்று தெருவில் விசாரித்தும் பதில் இல்லாததால் புகார் கொடுத்தேன். ஓர் அலுவலர் வந்தார். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேரே தார்ச்சாலையில் இன்னொரு கோடு. காற்றடைக்கும் வால்வு கடிகார முள்ளின் எந்த எண்ணை நோக்கி நிற்கிறது என்று ஒரு குறிப்பு. கண்ணாடியில் எச்சரிக்கைச் சீட்டு. அவ்வளவுதான் முதல் நாள் வேலை. 72 மணி நேரக் கணக்கு இந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது. மாதக்கணக்கில் நிற்கிறது என்று நமக்குத் தெரிந்தாலும், அலுவலர் தம் கண்ணால் குறித்துக்கொண்ட நேரம்தான் செல்லும்.

அந்தச் சாக்பீஸ் கோட்டுக்கே ஒரு வழக்கு வரலாறு உண்டு. மிச்சிகன் மாநிலத்துச் சாகினா நகரில் சக்கரத்தில் கோடு போடுவது, அரசாங்கம் நியாயமின்றிச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்லும் 'சோதனை' ஆகும் என்று 2019இல் ஆறாவது சுற்று (சர்க்யூட், அதாவது பல மாநிலங்களைச் சேர்த்த வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதேபோல் சான் டியேகோவில் தொடுத்த வழக்கில், இது அனுமதிக்கத்தக்க நிர்வாகச் சோதனைதான் என்று 2022இல் ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் முடிவு செய்தது. கலிஃபோர்னியா ஒன்பதாவது சுற்றின் எல்லைக்குள் இருப்பதால் இங்கே சாக்பீஸ் பிழைத்தது. ஒரு சாக்பீஸ் துண்டுக்காக இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் படித்தபோது, இந்த ஊரில் தனியார் சொத்தைத் தொடுவதென்றால் அரசாங்கம் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்று வியந்தேன்.

செடானின் உரிமையாளர் இரண்டாம் நாள் இரவில் வந்து வண்டியைச் சற்று முன்னே தள்ளி நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கோடு விலகியது, கணக்கும் முதலிலிருந்து தொடங்கியது. இதைத் தடுக்கவே சில நகரங்கள் பத்தில் ஒரு மைலாவது நகர வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டு புகார் கொடுப்பது நல்லது. எங்கள் விஷயத்தை முடித்துவைத்தது வேறொன்று: நம்பர் பிளேட்டில் இருந்த பதிவு ஸ்டிக்கர். பதிவு காலாவதியாகி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் 72 மணி நேரக் கணக்கே தேவையில்லை. அதற்காகவே வண்டியை இழுக்கலாம். போர்வை மூடியிருந்ததால் அந்த ஸ்டிக்கர் யார் கண்ணிலும் படவில்லை; வண்டி நகர்ந்த இரவுக்குப் பிறகு போர்வை விலகித் தெரிந்தது. அடுத்த புகாரில் ஸ்டிக்கரின் மாதத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதினேன். வாரம் முடிவதற்குள் வண்டி போய்விட்டது.

நடைபாதையை மறிக்கும் வண்டி இன்னொன்று. டிரைவ்வேயில் நிறுத்திய காரின் பின்பகுதி நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலே மாநிலச் சட்டப்படி மீறல்தான். தன் வீட்டு டிரைவ்வே என்ற வாதம் எடுபடாது. சக்கர நாற்காலியில் போகிறவர் அந்த இடத்தில் தெருவுக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும். நடைபாதைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று சாக்ரமெண்டோ நகரத்துக்கு எதிரான வழக்கில் 2002இல் தீர்ப்பாகியிருப்பதால், நகரங்கள் இத்தகைய புகாரைத் தள்ளிப்போடத் தயங்குகின்றன. தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்பது பழைய விதி. பாதசாரிகள் கடக்கும் இடத்தை நெருங்கும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது என்பது புதிது. தெருவோரத்தில் சிவப்புப் பெயின்ட் இல்லாவிட்டாலும் 2025 ஜனவரி முதல் இதற்கு அபராதச் சீட்டு எழுதுகிறார்கள். விருந்துக்கு வரும் உறவினர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். முனைவீட்டில் குடியிருக்கும் என் தோழியின் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு வந்தவர்கள் சுண்டலோடு அபராதச் சீட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த நோட்டீஸ், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த அப்பாவின் அவரைப்பந்தலுக்காக. வெயில் நன்றாக விழுவது முன்புறத்தில்தான் என்று கண்டுபிடித்து, மரச்சட்டமும் சணல் கயிறும் வாங்கி, ஆள் உயரத்துக்குப் பந்தல் கட்டி, கொடி ஏற்றியிருந்தார். பூ விட்டுப் பிஞ்சு இறங்கத் தொடங்கிய நேரத்தில் நோட்டீஸ் வந்தது. செடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முன்புற எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் மூன்றடிக்கு மேல் உயரமான கட்டமைப்பு கூடாது என்ற பிரிவு எண் இருந்தது. "வீட்டு வாசல்ல பந்தல் போட எவன்கிட்டம்மா கேக்கணும்? நான் என்ன ரோட்டுலயா போட்டேன்?" என்று அப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நோட்டீஸ் வந்தவுடன் செய்ய வேண்டியது, அதில் உள்ள பிரிவு எண்ணைச் சட்டத்தொகுப்பில் எடுத்துப் படிப்பது. பிறகு கடைசி நாளுக்கு முன்பே அலுவலரை அழைத்துப் பேசுவது. யார் புகார் கொடுத்தார்கள் என்று ஊகித்துக்கொண்டு தெருவில் முறைப்பதில் ஒரு பயனும் இல்லை. நான் அழைத்து, இது தற்காலிகமானது, காய்ப்பு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம், அதுவரை அவகாசம் கிடைக்குமா என்று கேட்டேன். எழுத்தில் கேளுங்கள் என்றார். மின்னஞ்சலில் கேட்டதும் அக்டோபர் கடைசி வரை நீட்டித்தார். மறு ஆய்வுக்கு அவர் வந்தபோது அப்பா ஒரு பை நிறைய அவரைக்காயை நீட்ட, அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று அவர் சிரித்துக்கொண்டே மறுத்ததில் அப்பாவுக்கு மனவருத்தம். மறு ஆண்டு பந்தல் பின்கட்டுக்குப் போனது. புளோரிடாவாக இருந்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கலாம். மயாமி ஷோர்ஸ் என்ற ஊரில் ஒரு தம்பதி பல ஆண்டுகளாக முன்புறத்தில் வளர்த்த காய்கறித் தோட்டத்தை அவ்வூர் நிர்வாகம் தடைசெய்ய, அந்தப் போராட்டத்தின் பின்விளைவாக 2019இல் காய்கறித் தோட்டத்தை உள்ளாட்சிகள் தடுக்கக் கூடாது என்று மாநிலமே சட்டம் கொண்டுவந்தது.

நான் அழைக்காமல் விட்டிருந்தால் அபராதத்தின் படிக்கட்டு தொடங்கியிருக்கும். நகரங்கள் பலவும் பின்பற்றும் கணக்கு, முதல் மீறலுக்கு 100 டாலர், ஓராண்டுக்குள் அதே மீறல் இரண்டாம் முறை என்றால் 200, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 500. கட்டடப் பாதுகாப்பு விதிகளை மீறினால் இது 130, 700, 1,300 என்று ஏறும். சரிசெய்யாத ஒவ்வொரு நாளையும் தனி மீறலாக எண்ண நகரத்துக்கு வழியிருக்கும்போது இந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்பதற்குப் புளோரிடாவின் டனீடின் நகரத்தைப் பார்க்க வேண்டும். 2018இல் ஒருவர் தாயார் விட்டுச்சென்ற சொத்து விவகாரத்தைக் கவனிக்க வெளியூர் போயிருந்தபோது புல் வளர்ந்துவிட, நாளுக்கு 500 டாலர் வீதம் ஏறக்குறைய 30,000 டாலர் அபராதம் சேர்ந்து, வீட்டையே இழக்கும் நிலை வந்தது. வழக்கில் அவர் வெல்லவுமில்லை. விடுமுறைக்கு இரண்டு மாதம் இந்தியா போகும் நம்மவர்கள், புல் வெட்டவும் தபாலைப் பார்க்கவும் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போவது இதற்காகத்தான். நோட்டீஸ் தபாலில் வந்து கிடந்தாலும், கதவில் ஒட்டிப் போனாலும், கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அபராதத்தை எதிர்க்க வழிகள் உண்டு; ஆனால் எல்லாவற்றிலும் நாள் கணக்கு உண்டு. பார்க்கிங் சீட்டு என்றால், எழுதிய நாளிலிருந்து 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அதில் தோற்றால் முடிவு அனுப்பிய நாளிலிருந்து மேலும் 21 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். இந்தக் கட்டத்தில் அபராதத் தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும், கட்ட இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கும் மேல் 30 நாளுக்குள், 25 டாலர் கட்டணத்தில், மாவட்ட உயர்நிலை நீதிமன்றம். சொத்துப் பராமரிப்பு அபராதச் சீட்டில் நகராட்சியின் உள்விசாரணை முடிந்த பிறகு நீதிமன்றம் போக 20 நாள்தான். வண்டியை இழுத்துப் போய்விட்டால், நோட்டீஸில் உள்ள தேதியிலிருந்து 10 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். கேட்டால், வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் அவர்கள் நடத்த வேண்டும். இழுத்தது தவறு என்று முடிவானால் இழுவைச் செலவும், வண்டியை அங்கே வைத்திருந்ததற்கான காவல் கட்டணமும் இழுக்கச் சொன்ன அலுவலகத்தின் தலையில் விழும். காவல் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுவதால், முதலில் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிட்டு, ரசீதோடு விசாரணைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

எச்ஓஏ உள்ள குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்த நகராட்சி வழிகள் எதுவும் சங்கத்தின் அபராதத்துக்குப் பொருந்தாது. அங்கே சங்கத்தின் நிர்வாகக் குழு முன்புதான் வாதாட வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஓர் ஆறுதல் உண்டு: உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கும் மீறலாக இருந்தாலொழிய, ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் சங்கம் அபராதம் விதிக்க முடியாது. அந்த விதிவிலக்கைக் காட்டிக் கூடுதலாகக் கேட்டால், குழு அதை எழுத்தில் முடிவாகப் பதிவு செய்திருக்கிறதா என்று கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.